லென்சிங்க் வீட்டோடு மாப்பிள்ளை

“இறந்தவங்க முழுப் பேரு சொல்லுங்க” என்றார் சவ அடக்கக் கம்பெனியிலிருந்து வந்த மனிதர். கறுப்பு சூட் போட்டிருந்தார். மடியில் படிவத்தை வைத்துப் பேனாவைத் திறந்துகொண்டு காத்திருந்தார். வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. எக்பெர்ட்டின் மனைவி டேலாவின் உயிர் போய் ஆறு மணி நேரம் ஆகியிருந்தது.

எக்பெர்ட் ஆறிப்போன காபியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவருக்கு எழுபத்திரண்டு வயது. மூன்று மாதமாக ஒரு ராத்திரிகூட முழுசாகத் தூங்கியதில்லை. ‘லென்சிங்க் வீட்டு டேலா’ என்றுதான் வாய் வரைக்கும் வந்தது. அப்படிச் சொன்னால் இந்த ஆள் இன்னொரு கேள்வி கேட்பார். அதற்கு ஒரு பதில் சொல்ல வேண்டும், பதிலுக்கு ஒரு விளக்கம் சொல்ல வேண்டும். யாரால் ஆகும்? டிராயரை இழுத்து, கல்யாணப் பதிவுப் புத்தகத்தை எடுத்து மேஜைமேல் போட்டார். அந்த மனிதர் அதைப் பார்த்து முத்து முத்தாக எழுதிக்கொண்டார். டேலா டெ விங்கல், பிறந்த வீட்டுப் பெயர் கோல்ஸ்டே, அடக்கம் செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு.

அதே பெயரோடு துக்கக் கார்டு அச்சாகி, சனிக்கிழமைத் தபாலில் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. தப்பு அங்கேதான் நடந்தது.

அது எப்படித் தப்பாகும் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். காகிதத்தில் இருந்த பெயர்தானே? ஆமாம், காகிதத்தில் இருந்த பெயர்தான். ஆனால் எங்கள் பக்கத்தில் காகிதத்தைப் பார்த்து யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. எந்த வீட்டில் இருக்கிறாயோ அந்த வீட்டுப் பெயர்தான் உன் பெயர். லென்ஸ என்று எந்தக் காலத்திலோ ஒருத்தன் ஓடைக்கரையில் காட்டைத் திருத்தி வீடு கட்டினான். அவனுடைய ஆட்கள் இருந்த இடம் லென்சிங்க் ஆயிற்று. அவன் வம்சம் எப்போது அற்றுப்போனது என்று யாருக்கும் தெரியாது. பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்தவன், விதவையைக் கட்டிக்கொண்டு வந்தவன், அந்த விதவை செத்த பிறகு அவன் கட்டிக்கொண்ட இரண்டாம் தாரம் என்று சம்பந்தமே இல்லாதவர்கள் மாறி மாறி அந்த வீட்டில் இருந்தார்கள். அத்தனை பேரும் லென்சிங்க்தான்.

நெப்போலியன் காலத்தில் ஆளுக்கொரு குடும்பப் பெயரை நிரந்தரமாகப் பதிய வேண்டும் என்று உத்தரவு வந்தது. அப்போது பண்ணையில் இருந்தவன் வீட்டோடு மாப்பிள்ளை. அவன் என்ன நினைத்தானோ, தன் அப்பன் வீட்டுப் பெயரான கோல்ஸ்டேயைப் பதிந்துவிட்டு வந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டினான். அவன் மச்சினன் ஒருத்தன் பக்கத்து நகரத்தில் கொல்லனாக இருந்தான். அவன் லென்சிங்க் என்று பதிந்துகொண்டான். அதனால் இன்றைக்கும் அங்கே கடைத்தெருவில் லென்சிங்க் என்று பலகை போட்டுத் தையல் மெஷின் விற்கிறார்கள். எக்பெர்ட் ஒரு தடவை டேலாவின் மெஷினுக்கு எண்ணெய் வாங்க அங்கே போனார். தன் பெயரும் லென்சிங்க்தான் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார். கடைக்காரர் மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு, “பதிவுல இருக்கா?” என்று கேட்டார். “இல்ல. எங்கிட்ட வீடும் பதினாலு மாடும்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டு எண்ணெயை வாங்கிக்கொண்டு வந்தார் எக்பெர்ட்.

அவர் பிறந்தது அடுப்பெரிக்கக் கரிமண் வெட்டும் சதுப்பு நிலத்தில், ஒரே அறை கொண்ட ஒரு வீட்டில். அப்பா டெ விங்கல் கரிமண் வெட்டி வெட்டியே இடுப்பு ஒடிந்தவர். இருபத்திரண்டு வயதில் எக்பெர்ட் லென்சிங்க் பண்ணைக்கு வேலையாளாக வந்தார். அந்த வீட்டுக்கு ஒரே பெண் டேலா. மூன்று வருஷம் கழித்து அவளைக் கட்டிக்கொண்டு வீட்டோடு மாப்பிள்ளை ஆனார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் யாரோ “லென்சிங்க்!” என்று கூப்பிட்டார்கள். மாமனார் பின்னால் வருகிறார் போல என்று திரும்பிப் பார்த்தார். எல்லாரும் சிரித்தார்கள். ஆறு மாதத்தில் பழகிவிட்டது. இரண்டாவது வருஷம் அவருடைய சொந்த அம்மாவே பார்க்க வந்தபோது, “லென்சிங்க் வீட்டுல இந்த வருஷம் கோதுமை எப்படி?” என்றுதான் விசாரித்தாள். அன்றைக்கு அவருக்கு வலித்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

டெ விங்கல் என்ற பெயர் வரிக் கடிதத்தில் மட்டும் வரும். போரின் கடைசி வருஷம் ஜெர்மன்காரன் பதுங்குகுழி வெட்ட ஆள் பிடிக்க வந்தான். டெ விங்கல் என்று எழுதின தாளோடு வீடு வீடாகக் கேட்டான். அப்படி யாரும் இந்தப் பக்கம் இல்லை என்று ஆறு வீட்டிலும் ஒரே பதில். பொய் சொல்கிறோம் என்று அவர்களில் பாதிப்பேருக்குத் தோன்றவே இல்லை.

மாமனார் போன பிறகு முப்பது வருஷம் அந்தப் பண்ணையை எக்பெர்ட் ஒற்றை ஆளாக இழுத்தார். பெயருக்காக உழைத்தாரா, மாட்டுக்காக உழைத்தாரா, டேலாவுக்காகவா என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. காலையில் நாலரைக்கு எழுந்தாக வேண்டும், எழுந்தார். பிறந்தது ஒரே மகள் ரீகா. அவள் ஆர்னெமில் நர்ஸ் வேலைக்குப் போய் அங்கேயே கல்யாணமும் செய்துகொண்டாள். எழுபது வயதில் இடுப்பு எலும்பு நழுவியது. பண்ணை பரம்பரைக் குத்தகைதான்; நிலத்தின் சொந்தக்காரர் வயல்களை அக்கம்பக்கத்துக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு, வீட்டை ஹார்லெம் நகரத்துப் பல் டாக்டர் ஒருவருக்கு விற்றார். எக்பெர்ட்டும் டேலாவும் ஊர்க்கோடியில் வரிசையாகக் கட்டின சின்ன வீடுகளில் ஒன்றுக்கு வந்து சேர்ந்தார்கள்.

பல் டாக்டர் சனி, ஞாயிறு மட்டும் வருவார். ஆனால் மனிதர் விவரமானவர். வந்த முதல் மாதமே பழைய ஆறு வீட்டில் மிச்சமிருந்த ஐந்து வீட்டையும் அழைத்து, ஒயினும் குச்சி குத்தின சீஸ் துண்டுகளும் கொடுத்து உபசரித்தார். எங்கள் பக்கத்தில் அப்படிக் கூப்பிட்டுக் குடிக்கக் கொடுத்தால் அக்கம்பக்கம் ஆயிற்று என்று அர்த்தம். அதற்குப் பிறகு சாவுக்கும் வாழ்வுக்கும் அவர்களுக்கு நீ, உனக்கு அவர்கள். மறு வாரம் கூட்டுறவுக் கடையில் எக்பெர்ட் வரிசையில் நின்றுகொண்டிருந்தார். முன்னால் இருந்தவர், “லென்சிங்க் புல்லு வெட்டுற மெஷின் வாங்கியிருக்காரு, பாத்தியா?” என்று யாரிடமோ சொன்னார். நான் எப்போது வாங்கினேன் என்று ஒரு நிமிஷம் யோசித்தார் எக்பெர்ட். பிறகுதான் புரிந்தது. ரொட்டி வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டார்.

“பேரு வீட்டோடது. கட்டிலு, பீரோ மாதிரி வண்டியில ஏத்திக்கிட்டு வர முடியுமா?” என்றாள் டேலா. அந்த வீட்டிலேயே பிறந்தவள் அவள். அவளுக்கு வலிக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அப்போதே அவள் உடம்புக்குள் வேறு வலி தொடங்கியிருந்தது. அதனால்தான் புதுத் தெருக்காரர்களைக் கூப்பிட்டு ஒரு கிளாஸ் ஊற்றிக்கொடுக்க அவர்களுக்கு முடியாமலே போனது. அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிப்போட்டார்கள். எட்டு மாதம் ஓடிவிட்டது.

கடைசி வாரத்தில் டேலா ஒன்றே ஒன்று கேட்டாள். “காசு குடுத்துக் கூட்டிட்டு வர்ற ஆளுங்க என்னத் தூக்கக் கூடாது. எங்க அப்பாவத் தூக்குன மாதிரி அக்கம்பக்கந்தான் தூக்கணும். செய்வியா?” செய்கிறேன் என்றார்.

சாவு விழுந்த வீட்டுக்காரர் எங்கள் பக்கத்தில் எதுவும் செய்யக் கூடாது. கேட்கவும் கூடாது. பக்கத்து வீட்டுக்காரன் தானாக வந்து கடிகாரத்தை நிறுத்துவான், காபி போடுவான், ஊருக்குச் சொல்லி அனுப்புவான், ஆறு பேரைச் சேர்ப்பான். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் எக்பெர்ட் ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தார். யாரும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பக்கத்து வீட்டு ஃபென்னா மட்டும் காய்கறி சூப் ஒரு பாத்திரத்தில் கொண்டுவந்து வாசற்படியிலேயே நின்றாள். எனாமல் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவனின் மனைவி, சின்ன வயசு.

“உங்க பண்ணைப் பக்கத்து ஆளுங்க இன்னும் வரலையாங்க?” என்றாள். “நாங்க வரலாம்னுதான் இருந்தோம். அவங்க செய்யற காரியத்துல நாம போய் மூக்க நுழைக்கக் கூடாதுன்னு எங்க வீட்டுக்காரரு சொல்லிட்டாரு. தப்பா நெனைக்காதீங்க ஐயா.”

“தப்பா நெனைக்க என்ன இருக்கும்மா. சூப்புக்கு நன்றி” என்றார் எக்பெர்ட். இந்தத் தெரு அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பக்கம் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை காலையில் கம்பெனியிலிருந்து போன். ஆர்னெமிலிருந்து வந்திருந்த ரீகா எடுத்தாள். “தூக்கறதுக்கு ஆள் இருக்கான்னு கேக்குறாங்கப்பா. இல்லைன்னா ஆறு பேர அவங்களே அனுப்புவாங்களாம். அனுப்பச் சொல்லிடட்டுமா? உங்களப் பாத்தா எனக்குப் பயமா இருக்கு. போதும்ப்பா.”

“சாயங்காலம் சொல்றேன்னு சொல்லு” என்று சொல்லிவிட்டு எக்பெர்ட் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு சைக்கிளை வெளியே தள்ளினார். துக்க வீட்டுக்காரன் தானே போய்க் கேட்பது எங்கள் பக்கத்தில் யாரும் கண்டதில்லை. அவருக்கு வெட்கப்படக்கூடத் தெம்பு இல்லை.

லென்சிங்க் வீட்டுக்கு நேர் அடுத்தது ஓல்டோஃப். அங்கே இருக்கும் வாண்டரும் எக்பெர்ட்டும் நாற்பத்தேழு வருஷம் ஒருத்தர் வைக்கோலுக்கு ஒருத்தர் நின்றவர்கள். அடுப்படியில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த வாண்டர் எழுந்திருக்கவில்லை. அவருடைய கறுப்புக் கோட்டு தூசி தட்டி நாற்காலி முதுகில் மாட்டியிருந்தது. துக்கக் கார்டு அலமாரிமேல் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது.

“உக்காரு” என்றார்.

“கோட்டெல்லாம் எடுத்து வெச்சிருக்க.”

“வெள்ளிக்கிழமையே எடுத்து வெச்சேன். டேலா போயிட்டான்னு பால் வண்டிக்காரன் சொன்னதுமே என் பொண்டாட்டி சாவு வீட்டுக்குக் குடுக்கத் திராட்சை ரொட்டிக்கு மாவு பிசைஞ்சா. சனிக்கிழமை இந்தக் கார்டு வருது. டெ விங்கலாம். யாருடா அது டெ விங்கல்?”

“நாந்தான். உனக்குத் தெரியாதா?”

“தெரியும். ஆனா நீயே அச்சடிச்சு அனுப்பியிருக்க பாரு. இனிமே உங்க சங்காத்தம் வேணாம், நான் ஊர்க்கோடி டெ விங்கல், எனக்குன்னு தெருவு இருக்குன்னு சொல்ற மாதிரி இருந்துச்சு. மைனன் வந்து கேட்டான், ப்ரூயில் வந்து கேட்டான், போகலாமா வேணாமான்னு. அந்தத் தெருக்காரங்க காரியத்துல நாம எப்படிடா போய் நுழையறதுன்னேன். வயிறு எரிஞ்சுதுடா எனக்கு.”

எக்பெர்ட் தொப்பியைக் கழற்றி முழங்கால்மேல் வைத்தார். “அந்த ஆள் படிவத்த நீட்டினான், வாண்டர். எனக்கு அலுத்துப் போச்சு. புத்தகத்தத் தூக்கிப் போட்டுட்டேன். அவ்வளவுதான். வேற ஒரு அர்த்தமும் கெடையாது. தெருவுல யாருக்கும் என்னைத் தெரியாது. அக்கம்பக்கந்தான் தூக்கணும்னு அவ கேட்டா. நான் சரின்னுட்டேன். நாளைக்குப் பதினோரு மணிக்கு.”

வாண்டர் கத்தியைக் கீழே வைத்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

“நீயா சைக்கிள்ல வந்து கேக்குற நெலமைக்கு விட்டுட்டேனே. மனுஷனா நான்” என்றார். “தூக்குறோம்டா. ஆனா ஆறு வீடு வேணும். நாம இங்க அஞ்சு. மாமனாரத் தூக்குனப்ப ஓடைக்கு அந்தாண்டேருந்து ஒரு வீட்டச் சேத்துக்கிட்டோம், ஏன்னா செத்தது லென்சிங்க், சாவு வீடு தூக்கக் கூடாது. இப்ப நீ கார்டுல போட்டுட்ட, டெ விங்கல்னு. அப்ப ஆறாவது வீடு லென்சிங்க்தான். மொறையா அங்கேருந்து ஒரு ஆள் வந்தாகணும்.”

“பல் டாக்டரா?”

“ஒயின் ஊத்திக் குடுத்தாருல்ல. வரட்டும்.”

வாண்டரே ஹார்லெமுக்குப் போன் போட்டார். பேச்சு இரண்டு நிமிஷம்கூட ஓடவில்லை. திரும்பி வந்தபோது அவர் முகம் சிவந்திருந்தது. “செவ்வாக்கிழமை பூரா பேஷண்டாம். ரொம்ப வருத்தப்பட்டாரு. பெரிய மலர் வளையமா அனுப்பறாராம். பூ வந்து தோள் குடுக்குமா? கேக்கணும்னு வந்துச்சு, வாய அடக்கிக்கிட்டேன்.”

“என் மருமகன் இருக்கான்” என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார் எக்பெர்ட்.

“சொந்தக்காரன் தூக்கறதா? அக்கம்பக்கம் நாதியத்துப் போச்சுன்னு ஊரே சொல்லும். ஓடைக்கு அந்தாண்ட இப்ப யாரும் இல்ல, எல்லாம் வித்துட்டுப் போயாச்சு. அஞ்சு பேரு நாங்க இருக்கோம். ஆறாவதுக்கு அந்தக் கம்பெனிலேருந்து ஒரு ஆள அனுப்பச் சொல்லு. வேற வழியில்லடா.”

எக்பெர்ட் தலையாட்டினார். ஆறில் ஐந்து. டேலா கேட்டது ஆறு. ஆனாலும் வாதாட அவரிடம் மூச்சு இல்லை. வாண்டரின் மனைவி கட்டிக்கொடுத்த ரொட்டியை சைக்கிள் கூடையில் வைத்துக்கொண்டு திரும்பினார். மேட்டில் ஏற முடியாமல் இறங்கித் தள்ளினார். லென்சிங்க் வீட்டைத் தாண்டும்போது ஜன்னல்கள் சாத்தியிருந்தன.

செவ்வாய்க்கிழமை தூறல். கோயிலில் போதகர் சுருக்கமாக முடித்தார். டெ விங்கல் அம்மையார் என்று அவர் சொன்ன ஒவ்வொரு தடவையும், பின்வரிசையில் இருந்த ஃபென்னாவும் தெருக்காரர்களும் தலை குனிந்தார்கள், பண்ணைக்காரர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். கல்லறைத் தோட்டத்து வாசலில் பெட்டியை வண்டியிலிருந்து இறக்கித் தாங்குகட்டையில் வைத்தார்கள். அங்கிருந்து குழிவரை நூற்றைம்பது தப்படி. அந்த நூற்றைம்பதுதான் அக்கம்பக்கத்தின் கணக்கு.

வழக்கப்படி எக்பெர்ட் பெட்டிக்குப் பின்னால் ரீகாவோடு நின்றார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வாண்டர் தலைமாட்டில் நின்று, தொப்பியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, வீடுகளைக் கூப்பிட ஆரம்பித்தார். தூக்குவதற்குமுன் வீட்டுப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது எங்கள் வழக்கம். ஆளின் பெயரை யாரும் சொல்லமாட்டார்கள்.

“ஓல்டோஃப் நான். மைனன்?”

“இருக்கேன்.”

“ப்ரூயில்?”

“இருக்கேன்.”

“வெஸ்டர்?”

“இருக்கேன்.”

“கிப்?”

“இருக்கேன்.”

வாண்டர் நிறுத்தினார். கூப்பிட்டாக வேண்டும். வீடு இருக்கிறவரை கூப்பிட்டாக வேண்டும். “லென்சிங்க்?” என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு.

ரோஜாவும் லில்லியுமாக டாக்டர் அனுப்பிய வளையம் பெட்டிமேல் நனைந்துகொண்டிருந்தது. கம்பெனி ஆள் கோட்டுப் பித்தானைப் போட்டுக்கொண்டு, காலியாக இருந்த இடத்தை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்தார்.

எக்பெர்ட் மகளின் கையை விடுவித்தார்.

“இருக்கேன்” என்றார்.

யாரும் அசையவில்லை. “அப்பா, உங்க இடுப்பு!” என்றாள் ரீகா. வாண்டர் நிமிர்ந்து பார்த்தார். “நீ துக்க வீட்டுக்காரன்டா. பின்னாடி நடக்கணும்.”

“துக்க வீட்டுக்காரன் டெ விங்கல். கார்டுல போட்டிருக்கு. நீ லென்சிங்கக் கூப்பிட்டியா இல்லையா?”

கம்பெனி ஆள் வாண்டரைப் பார்த்தார், பிறகு எக்பெர்ட்டைப் பார்த்தார். ஒன்றும் விளங்காமல் பின்வாங்கித் தொப்பியைக் கழற்றினார். எக்பெர்ட் பெட்டியின் இடது பக்கம் வந்து, மழையில் வழுக்கும் சரளைக்கல்லில் காலை அகட்டி ஊன்றிக்கொண்டார்.

“நடுவுல நில்லு. அங்க பாரம் கம்மி” என்றார் வாண்டர், தாழ்ந்த குரலில்.

“லென்சிங்க் எப்பவும் நின்ன எடம் எது?”

“தலைமாடு. எனக்கு எதிர்ல.”

எக்பெர்ட் தலைமாட்டுக்குப் போய் நின்றார். வாண்டர் எண்ணினார், ஆறு பேரும் குனிந்து தோளில் ஏற்றினார்கள். முதல் அடியிலேயே இடுப்பில் சுரீர் என்றது. அவர் நிற்கவில்லை.